மழைக்காலத்தில் நத்தையிடமிருந்து செடிகளைக் காப்பது எப்படி? கடலூர், புதுச்சேரி வீட்டுத் தோட்டக்காரர்கள் கேட்கும் கேள்விகள்

ஐப்பசி பிறந்து இரண்டு நல்ல மழை பெய்துவிட்டால் போதும், மஞ்சக்குப்பம் முதல் லாஸ்பேட்டை வரை தோட்டம் வைத்திருப்பவர்கள் பேசுவதெல்லாம் நத்தையைப் பற்றித்தான். முளைத்த கீரையை மறுநாள் காணோம், சாமந்தி நாற்று வெறும் தண்டாக நிற்கிறது, வீட்டிலேயே செய்யக்கூடிய தடுப்பு ஏதாவது உண்டா என்று கேட்கிறார்கள். அப்படிக் கேட்கப்பட்டவற்றையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே சேர்த்திருக்கிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஊரெல்லாம் சொல்லப்படும் தடுப்புகளில் பெரும்பாலானவை காய்ந்த தரைக்கு ஏற்றவை. நம் பக்கத்திலோ நத்தை வெளியே வருவதே கொட்டும் மழையில்தான். அதனால் யார் எந்தத் தடுப்பைச் சொன்னாலும், "நனைந்தால் இது என்ன ஆகும்?" என்று கேட்டுவிட்டுத்தான் அதை நம்புவேன்.

செடியைத் தின்பது நத்தைதான் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

காலையில் இலைமேலும் தொட்டி விளிம்பிலும் பாருங்கள். காய்ந்த பசைக்கோடு வெள்ளியாக மின்னினால் நத்தை வந்து போயிருக்கிறது. இலையின் நடுவில் ஒழுங்கில்லாத ஓட்டைகள் இருக்கும், ஓரங்கள் வழவழப்பாக இருக்கும். புழு தின்றிருந்தால் இலைக்குக் கீழே கருப்பாகச் சிறு எச்ச உருண்டைகள் கிடக்கும். வெட்டுக்கிளி என்றால் இலையின் ஓரத்திலிருந்து தின்று வந்திருக்கும், பசை இருக்காது.

மழை பசையைக் கழுவிவிட்டால் இந்த அடையாளமும் இருக்காது. அப்போது ஒரே வழி, இரவு எட்டு மணிக்கு மேல் டார்ச் எடுத்துக்கொண்டு போய்ப் பார்ப்பது. தொட்டியின் அடிப்பக்கம், செங்கல் இடுக்கு, குரோ பேக்கின் மடிப்பு, துணி துவைக்கும் கல்லின் கீழ்ப்பக்கம் என்று எல்லா இடத்திலும் பாருங்கள்.

நம் பக்கத்தில் என்னென்ன வகை இருக்கின்றன?

வீட்டுத் தோட்டத்தில் தொந்தரவு தருபவை முக்கியமாக இரண்டு. ஒன்று ஓடில்லா நத்தை. கருப்பாக, தட்டையாக, தோல் தடித்து இருக்கும். முதுகின் நடுவில் வெளிறிய கோடு ஒன்று ஓடும். சிலர் இதை அட்டை என்று நினைத்துப் பயப்படுகிறார்கள். இது ரத்தம் குடிப்பதில்லை, இலையும் நாற்றும்தான் இதன் சாப்பாடு. சாம்பல் நிறத்திலும் பழுப்பிலும் சின்ன ஓடில்லா நத்தைகளும் உண்டு. அவை கீரைப் பாத்தியில் மண்ணோடு மண்ணாகக் கிடப்பதால் கண்ணில் படுவதே கஷ்டம்.

இன்னொன்று ஆப்பிரிக்க ராட்சத நத்தை. கூம்பு வடிவ ஓட்டில் பழுப்பு வரிகள் இருக்கும், உள்ளங்கை அளவுக்கு வளரும். 1847இல் வில்லியம் பென்சன் என்ற ஆங்கிலேயர் மொரீஷியஸிலிருந்து கொண்டுவந்து கல்கத்தாவில் ஒரு தோட்டத்தில் விட்டதிலிருந்து இந்தியாவில் பரவிய இனம் இது. ஆண், பெண் உறுப்புகள் இரண்டும் ஒரே உடலில் உண்டு. ஒரே தடவையில் நூறு முட்டைக்கு மேல் இடும். பப்பாளி, வாழைக்கன்று, கத்தரி, பூச்செடி என்று எதையும் விடாது.

இரண்டையும் பிரித்துத் தெரிந்துகொள்வது அவசியம். ஓடில்லா நத்தையை நிறுத்தும் தடுப்பைப் பெரிய ஓட்டு நத்தை எளிதாகத் தாண்டும். பெரியதைத் தடுக்கும் வலைக் கண்ணில் சின்னது நுழைந்துவிடும்.

வெயில் காலத்தில் ஒன்றைக்கூடக் காணோமே, எங்கே போகின்றன?

எங்கும் போவதில்லை. ஓட்டு நத்தை ஓட்டுக்குள் சுருங்கி, வாயை மூடிக்கொண்டு மாதக்கணக்கில் கிடக்கும். ஓடில்லாதது மண் வெடிப்பிலும் கல்லுக்கடியிலும் ஈரம் தேடி இறங்கிவிடும். வடகிழக்குப் பருவமழை வந்ததும் எல்லாம் ஒரே நேரத்தில் மேலே வரும். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது நகரில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அப்படிப்பட்ட மழையில் பள்ளமான இடங்களில் இருப்பவை சுவர்மேலும் தொட்டிமேலும் ஏறிவிடும். தண்ணீர் வடிந்த பிறகு அந்தத் தொட்டியிலேயே தங்கிவிடும்.

முட்டை ஓட்டை நொறுக்கிச் செடியைச் சுற்றிப் போட்டால் வராது என்கிறார்களே?

எனக்கு அதிகம் வரும் கேள்வி இதுதான். என் பதில், வேண்டாம்.

கூரான முனை நத்தையின் வயிற்றைக் குத்தும் என்பது இதற்குச் சொல்லும் காரணம். நத்தை தன் உடம்பிலிருந்து சுரக்கும் பசைமேல்தான் நகர்கிறது. சவரக் கத்தியின் முனைமேல்கூடக் காயம் படாமல் ஏறிப் போகும். அப்படிப்பட்ட உயிரை முட்டை ஓடு என்ன செய்யும்? பிரிட்டனின் ராயல் ஹார்ட்டிகல்ச்சுரல் சொசைட்டி 2018இல் முட்டை ஓடு, செம்புப் பட்டை, பொடிக்கல், மரப்பட்டை மூடாக்கு, ஆட்டு ரோம உருண்டை ஆகியவற்றை லெட்யூஸ் கீரையைச் சுற்றிப் போட்டுச் சோதித்தது. தடுப்பு இல்லாத செடிகளுக்கு எவ்வளவு சேதமோ, தடுப்புப் போட்டவற்றுக்கும் கிட்டத்தட்ட அவ்வளவு சேதம்.

நம் ஊரில் இன்னொரு சங்கடமும் சேர்கிறது. ராட்சத நத்தைக்கு ஓடு வளரச் சுண்ணாம்புச் சத்து வேண்டும். வெள்ளையடித்த சுவரைக்கூடச் சுரண்டித் தின்னும். முட்டை ஓடு அதற்குத் தடையல்ல, தீனி. ஓட்டைக் காயவைத்துப் பொடித்து உரக்குழியில் போடுங்கள், மண்ணுக்காவது ஆகும்.

அடுப்புச் சாம்பல், சுண்ணாம்புத் தூள், மரத்தூள்?

மூன்றும் வேலை செய்யும், காய்ந்திருக்கும் வரை. காய்ந்த தூள் நத்தையின் உடம்பிலுள்ள ஈரத்தை உறிஞ்சும், பசையோடு ஒட்டிக்கொண்டு நகரவிடாமல் செய்யும். சாம்பலுக்கும் சுண்ணாம்புக்கும் காரத்தன்மையும் உண்டு, அந்த எரிச்சலுக்கும் நத்தை விலகும். ஒரு தூறல் விழுந்தால் எல்லாம் முடிந்தது. இரவுப் பனியில் நனைந்தாலே பாதி பலன் போய்விடும்.

அதனால் தூள் தடுப்பைக் கூரைக்குக் கீழே இருக்கும் செடிகளுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். போர்டிகோ, சன்ஷேடுக்கு அடி, தாழ்வாரம் போன்ற இடங்களில் தொட்டிகளைச் சுற்றி நான்கு விரல் அகலம், ஒரு விரல் உயரத்துக்கு இடைவெளி இல்லாமல் போட வேண்டும். கோடு இழுப்பதுபோல மெல்லியதாகத் தூவினால் நத்தை முன்னுடம்பைத் தூக்கித் தாண்டிப் போய்விடும். சாம்பலைத் தண்டை ஒட்டிப் போடாதீர்கள். இட்லிப்பூ மாதிரிச் செடிகளுக்குச் சாம்பலும் சுண்ணாம்பும் மண்ணில் கலந்துவிட்டால் இலை மஞ்சளாகிவிடும். அவற்றுக்கு மரத்தூள்தான் சரி.

நெய்வேலிப் பக்கம் இருப்பவர்கள் சிலர் அனல்மின் நிலையச் சாம்பலைப் போடலாமா என்று கேட்கிறார்கள். கீரைக்கும் காய்கறிக்கும் கூடவே கூடாது. நிலக்கரிச் சாம்பலில் கன உலோகங்கள் உண்டு. விறகுச் சாம்பலும் அதுவும் ஒன்றல்ல.

கோலமாவு?

அரிசி மாவுக் கோலம் என்றால் நத்தையே வந்து தின்னும், எறும்பும் கூட வரும். கல்மாவு என்றால் மற்றத் தூள்களைப்போலத்தான், ஈரம் பட்டதும் பயன் இல்லை. எறும்புக்குப் போடும் சாக்பீஸும் நத்தைக்கு உதவாது. அது பூச்சிகளுக்கான விஷம்.

உப்பு தூவலாமா? உடனே செத்துவிடுகிறதே.

சாகும், உண்மைதான். உப்பு மழையில் கரைந்து நேராக வேருக்குப் போகும் என்பதுதான் பிரச்சினை. தேவனாம்பட்டினம், வீராம்பட்டினம் மாதிரிக் கடலோரத்தில் மண்ணிலும் கிணற்றுத் தண்ணீரிலும் ஏற்கெனவே உப்பு இருக்கிறது. அங்கே இன்னும் உப்பைச் சேர்ப்பது நத்தை செய்யும் கெடுதலைவிடப் பெரிய கெடுதல். பாத்தியில் ஒரு கைப்பிடிகூட வேண்டாம். பிடித்த நத்தையைப் போடும் வாளியில் உப்புப் போடுங்கள், அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஃபில்டர் காபிச் சக்கை?

இந்த நம்பிக்கைக்குப் பின்னால் ஓர் உண்மை உண்டு. ஹவாயில் அமெரிக்க வேளாண் துறை ஆய்வாளர்கள் காஃபின் கரைசல் நத்தையைக் கொல்வதை 2002இல் வெளியிட்டார்கள். அதற்கு 1 முதல் 2 சதவீதக் காஃபின் வேண்டும். வீட்டு டிகாக்‌ஷனில் அவ்வளவு இருக்காது. இறக்கி முடித்த சக்கையில் இன்னும் குறைவு, சிக்கரி கலந்த தூள் என்றால் அதிலும் குறைவு. அப்புறம், நத்தையைக் கொல்லும் அளவுக்குக் கெட்டியான கரைசல் இளம் இலைகளையும் பாதிக்கும். சக்கையை உரக்குழிக்குக் கொடுத்துவிடுங்கள்.

சரி, மழையிலும் நிற்கும் வீட்டுத் தடுப்பு என்று ஏதாவது இருக்கிறதா?

இருக்கிறது. நான் நம்புவது மூன்றை: போர்டோ பசை, தகர வேலி, கொசுவலை.

போர்டோ பசை என்பது மயில்துத்தமும் (செம்பு சல்பேட்) சுண்ணாம்பும் கலந்த நீலப் பசை. எலுமிச்சை, தென்னை வைத்திருப்பவர்களுக்குப் பூஞ்சைக்குப் பூசும் மருந்தாகத் தெரிந்திருக்கும். கலிபோர்னியாவில் ஆரஞ்சு மரத் தண்டுகளில் நத்தை ஏறாமல் இருக்க இதையே பூசுகிறார்கள். காய்ந்து பிடித்துக்கொண்டால் மழைக்குச் சட்டென்று கரையாது. மற்றத் தூள்களிலிருந்து இதைப் பிரித்துக்காட்டுவது அதுதான்.

ஒரு லிட்டர் பசைக்கு 100 கிராம் மயில்துத்தம், 100 கிராம் சுட்ட சுண்ணாம்பு. நம் பக்கத்தில் கிடைக்கும் கிளிஞ்சல் சுண்ணாம்பே போதும். மயில்துத்தத்தை ஒரு பிளாஸ்டிக் வாளியில் அரை லிட்டர் தண்ணீரில் இரவே ஊறப்போட்டுவிடுங்கள். இரும்பு, அலுமினியப் பாத்திரம் ஆகாது, அரித்துவிடும். சுண்ணாம்பை வேறொரு வாளியில் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டுத் தாளியுங்கள். கொதித்துத் தெறிக்கும், அதனால் முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு நீளமான குச்சியால் கிளறுங்கள். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம் வேண்டும். ஆறியதும் அரை லிட்டர் அளவுக்குக் கரைத்து வடிகட்டி, துத்தக் கரைசலை அதில் மெல்ல ஊற்றிக்கொண்டே கலக்குங்கள். வானத்து நீலத்தில் பசை வரும். தேய்த்துச் சுத்தம் செய்த ஓர் இரும்பு ஆணியை அதில் ஒரு நிமிடம் வைத்து எடுங்கள். ஆணியில் செம்பு நிறம் படிந்திருந்தால் சுண்ணாம்பு போதவில்லை, இன்னும் கொஞ்சம் சேர்க்க வேண்டும். ஆணி பழையபடியே இருந்தால் பசை தயார்.

மழை விட்டு வெயில் அடிக்கும் ஒரு நாளில், தொட்டியின் வெளிப்பக்கத்தில் விளிம்புக்குக் கீழே ஒரு சாண் அகலத்துக்குப் பழைய பெயிண்ட் பிரஷால் சுற்றிப் பூசுங்கள். மரமென்றால் தண்டில் முழங்கால் உயரத்தில் பூசலாம். பாத்தியைச் சுற்றிச் செங்கல் அடுக்கியிருந்தால் செங்கலின் வெளி முகத்தில் பூசலாம். அன்று மாலைக்குள் காய்ந்துவிட வேண்டும். கலக்கிய பசையை அன்றே தீர்த்துவிடுங்கள், மறுநாளைக்கு வைத்தால் பிடிக்காது. மிஞ்சியதைக் குளத்திலோ மீன் தொட்டியிலோ வடிகாலிலோ கொட்டாதீர்கள், செம்பு மீனைக் கொன்றுவிடும். மண்ணிலும் கீரை இலையிலும் இதைத் தெளிக்க வேண்டாம். தொட்டிச் சுவருக்கும் மரத் தண்டுக்கும் மட்டும்தான்.

என் வீட்டு முற்றத்தில் பசை பூசிய தொட்டிகளில் நத்தை அந்த நீலப் பட்டை வரை ஏறி, கொம்பை நீட்டித் தொட்டுப் பார்த்து, பட்டையின் ஓரமாகவே சுற்றிவிட்டுக் கீழே இறங்குவதை டார்ச் வெளிச்சத்தில் பார்த்திருக்கிறேன். நத்தை விட்டுப்போன பசைக்கோடும் காலையில் அப்படியே பட்டைக்குக் கீழே வளையமாகத் தெரியும்.

தகர வேலியை எப்படிச் செய்வது?

தரையில் பாத்தி போட்டிருப்பவர்களுக்கு இதைவிட நல்லது இல்லை. ஜி.ஐ. தகட்டை 25 சென்டிமீட்டர் அகலப் பட்டைகளாகத் தகரக் கடையில் வெட்டித் தருவார்கள். மேல் ஓரத்தில் 3 சென்டிமீட்டரை வெளிப்பக்கமாகக் கீழ்நோக்கி மடக்கித் தரச் சொல்லுங்கள். பட்டையை 10 சென்டிமீட்டர் மண்ணுக்குள் புதைத்து நிறுத்துங்கள். செங்குத்தாக ஏறி வரும் நத்தை அந்த மடிப்புக்குள் முட்டிக்கொண்டு, தலைகீழாகத் திரும்பி வெளியே வர முடியாமல் நின்றுவிடும். இணைப்பில் ஒரு தகடு இன்னொன்றின்மேல் ஒரு சாண் ஏறியிருக்க வேண்டும். மடித்த ஓரத்தை அரத்தால் தேய்த்துவிடுங்கள், குழந்தைகள் கையைக் கிழித்துக்கொள்ளக்கூடாது.

செலவு உண்டு. ஒரு தடவை செய்தால் பல மழைக்காலம் நிற்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள். உப்புக் காற்று அடிக்கும் இடத்தில் சீக்கிரம் துரு ஏறும், அங்கே கெட்டியான பிளாஸ்டிக் தகட்டை இதே மாதிரி மடக்கி வைக்கலாம்.

கொசுவலை?

நாற்றுத் தட்டுக்கும் கீரைத் தொட்டிக்கும் இதுதான் எளிது. மூங்கில் பிளாச்சையோ ஜி.ஐ. கம்பியையோ வளைத்துக் குத்தி, மேலே பழைய கொசுவலையைப் போர்த்தி, ஓரங்களை மண்ணுக்குள் நான்கு விரல் ஆழம் புதைத்துவிடுங்கள். தொட்டி என்றால் விளிம்புக்குக் கீழே கயிற்றால் இறுக்கிக் கட்டுங்கள். மழை உள்ளே போகும், காற்று போகும், நத்தை போகாது. இலை வலையைத் தொட்டுக்கொண்டு இருக்கக்கூடாது. வெளியே இருந்தே சுரண்டித் தின்னும்.

தண்ணீர் பாட்டிலை வெட்டிச் செடிமேல் கவிழ்க்கலாமா?

கத்தரி, மிளகாய், தக்காளி நாற்று நட்ட முதல் இரண்டு, மூன்று வாரங்களுக்கு நல்ல பாதுகாப்பு. இரண்டு லிட்டர் பாட்டிலின் அடிப்பாகத்தை வெட்டி எடுத்துவிட்டு, நாற்றின்மேல் கவிழ்த்து மூன்று விரல் ஆழம் மண்ணில் அழுத்துங்கள். மூடியைத் திறந்து வாயில் ஒரு துண்டு கொசுவலையைக் கட்டுங்கள். காலை வெயில் ஏறுவதற்குள் எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் நாற்று உள்ளேயே வெந்துவிடும். பகலிலும் விட்டுவைக்க வேண்டுமானால் பாட்டிலில் சூடான கம்பியால் நிறையச் சிறு துளைகள் போடுங்கள்.

செம்புக் கம்பி சுற்றினால் நத்தைக்கு ஷாக் அடிக்குமாமே?

நத்தையின் பசை செம்போடு சேரும்போது ஏதோ ஓர் எரிச்சல் ஏற்படுகிறது என்று நம்பித்தான் செம்புப் பட்டை விற்கிறார்கள். மோட்டார் காயில் கட்டும் கடையில் வாங்கிய மெல்லிய கம்பியை இரண்டு சுற்றுச் சுற்றினால் நத்தை அதைத் தொடாமலே தாண்டிவிடும். அகலமான தகடாக இருந்தாலும் உப்புக் காற்றில் களிம்பு ஏறும், அடிக்கடி புளி போட்டுத் தேய்க்க வேண்டிவரும். மேலே சொன்ன 2018 சோதனையிலும் செம்புப் பட்டை சோபிக்கவில்லை. அந்தக் காசுக்கு மயில்துத்தம் வாங்குங்கள்.

மாடித் தோட்டத்துக்கும் நத்தை வருமா?

வரும். சுவர் ஏறியும் வரும், ஆனால் பெரும்பாலும் நாம்தான் கொண்டுவருகிறோம். நர்சரிச் செடியின் பையில், தொழு உரத்தில், செம்மண் மூட்டையில் முட்டை வந்துவிடும். புதுச் செடி வாங்கினால் பையின் அடியைப் பாருங்கள். மண்ணை ஒரு விரல் ஆழம் கிளறிப் பாருங்கள். ஜவ்வரிசி மாதிரி வெள்ளையாக, கொத்தாக இருப்பவை முட்டை. எடுத்து உப்புத் தண்ணீரில் போட்டுவிடுங்கள்.

செடிகளை ஸ்டாண்டில் வைத்து, கால்களுக்குத் தண்ணீர்க் கிண்ணம் வைப்பது மாடிக்கு நல்ல தடுப்பு. வெறும் தண்ணீர் வைத்தால் டெங்கு கொசு முட்டையிடும். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக ஒரு வாரத்துக்கும் சற்று மேலே போதும். கொசுவை ஆராய்வதற்கென்றே 1975 முதல் மத்திய அரசின் ஆராய்ச்சி மையம் இயங்கும் புதுச்சேரியில் இதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கிண்ணத்தில் கெட்டியான உப்புத் தண்ணீரோ சோப்புத் தண்ணீரோ விட்டு, வாரம் ஒருமுறை கொட்டித் தேய்த்து மாற்றுங்கள். ஸ்டாண்ட் சுவரைத் தொடக்கூடாது. ஒரு கொடி கைப்பிடிச் சுவரில் சாய்ந்திருந்தாலும் அதுவே பாலம்.

தடுப்பெல்லாம் போட்டும் உள்ளே தின்றுகொண்டேதான் இருக்கிறது. ஏன்?

உள்ளே ஏற்கெனவே இருப்பதால். வேலி வெளியே இருப்பதை மட்டுமே தடுக்கும், உள்ளே இருப்பதைக் காவல் போட்டு வைத்துக்கொள்ளும். முதலில் மண்ணைக் கொத்திவிட்டு, இரண்டு வெயில் காயவிட்டு, மூன்று நான்கு இரவுகள் டார்ச் அடித்துப் பொறுக்கிவிட்டுத் தடுப்பைப் போடுங்கள். பலர் விட்டுவிடும் வேலை இது. தடுப்பு சரியில்லை என்று சொல்பவர்களின் தோட்டத்தில் முக்கால்வாசி இடங்களில் தடுப்பு சரியாகத்தான் இருக்கிறது.

பொறிவைத்துப் பிடிக்க எது நல்லது?

ஈரச் சாக்குதான். சணல் சாக்கை நனைத்து மாலையில் பாத்தி ஓரத்தில் விரித்து, அடியில் பப்பாளி இலை, முட்டைக்கோஸ் இலை, காய்கறித் தோல் போட்டுவையுங்கள். தின்றுவிட்டுப் பகலில் தங்க அங்கேயே ஒதுங்கும். காலையில் சாக்கைப் புரட்டினால் எல்லாம் ஒரே இடத்தில் இருக்கும். மழைக்காலம் முழுக்கச் செய்யலாம், மழை பெய்தால் இன்னும் நன்றாக வேலை செய்யும் ஒரே பொறி இது.

புளித்த வாசனைக்கும் நத்தை தேடி வரும். பீர் வைப்பது வெளிநாட்டுப் பழக்கம். அதில் இழுப்பது ஈஸ்ட்டின் வாசனைதான். மைதாவையும் ஈஸ்ட்டையும் தண்ணீரில் கூழாகக் கரைத்துப் பொங்கவிட்டாலே நத்தைகள் திரண்டு வருவதை அமெரிக்க ஆய்வாளர்கள் 2021இல் காட்டியிருக்கிறார்கள். கிண்ணத்தின் விளிம்பு தரைக்கு மேலே இரண்டு சென்டிமீட்டர் இருக்கட்டும், அப்போதுதான் நல்ல வண்டுகள் தவறி விழாது. இரண்டு பக்கமும் செங்கல் வைத்து, மேலே கூரை ஓட்டால் மூடினால் மழை உள்ளே விழாது. பாத்திக்குள் வைக்காமல் நான்கைந்து அடி தள்ளி வையுங்கள். உள்ளே வைத்தால் பக்கத்துக் கொல்லை நத்தைகளையும் உங்கள் கீரைக்கே அழைப்பதாகிவிடும்.

கையால் எடுக்கலாமா? எடுத்ததை எங்கே போடுவது?

வெறும் கையால் வேண்டாம். எலியின் நுரையீரலில் வாழும் ஒரு வகைப் புழுவின் குஞ்சுகள் எலி எச்சத்தின் வழியாக நத்தைக்குள் போகின்றன. அது மனித உடலுக்குள் போனால் மூளை உறையில் வீக்கத்தை உண்டாக்கும். நத்தை ஊர்ந்த கீரையை, அதிலும் விரல்நகம் அளவுக்குச் சின்ன நத்தை ஒட்டியிருக்கும் கீரையைப் பச்சையாகத் தின்பதுதான் பெரிய ஆபத்து. மழைக்காலத்தில் கொத்தமல்லி, புதினா, வெள்ளரி எதுவாக இருந்தாலும் இலை இலையாகப் பிரித்து ஓடும் தண்ணீரில் கழுவுங்கள். கீரையை வேகவைத்தே சாப்பிடுங்கள். குழந்தைகள் நத்தையை வைத்து விளையாட விடாதீர்கள்.

எடுக்க இடுக்கியோ கையில் மாட்டிய பிளாஸ்டிக் பையோ போதும். கெட்டியான உப்புத் தண்ணீர் வாளியில் போட்டு, மறுநாள் வேர்கள் எட்டாத ஓர் ஓரத்தில் ஒரு முழம் ஆழத்தில் புதைத்து மேலே சுண்ணாம்பு தூவுங்கள். மதில் தாண்டி எறியாதீர்கள், சில அடி தூரம் என்றால் திரும்பி வந்துவிடும். திரும்பாவிட்டால் அது பக்கத்து வீட்டுக்காரருக்கு நாம் செய்யும் கெடுதல். மிதித்தும் நசுக்காதீர்கள், உள்ளிருப்பது தரையெங்கும் பரவும்.

கடையில் விற்கும் நத்தை மருந்து?

அதில் பெரும்பாலும் மெட்டால்டிஹைடு இருக்கிறது. நத்தையைக் கொல்லும், நாயையும் பூனையையும் கொல்லும். குருணையில் தவிடு வாசனை இருப்பதால் நாய் தேடித் தின்னும். பிரிட்டன் 2022இல் வெளிப்புறத் தோட்டங்களில் இதைத் தடைசெய்துவிட்டது. வீட்டில் பிராணியோ சின்னக் குழந்தையோ இருந்தால் வாங்கவே வேண்டாம். இரும்பு பாஸ்பேட் குருணை கிடைத்தால் அது எவ்வளவோ மேல்.

சவுக்குச் சருகு, மல்லாட்டைத் தோல் மூடாக்குப் போடலாமா?

வெயில் காலத்தில் தாராளமாகப் போடலாம், நம் பக்கத்தில் மலிவாகக் கிடைப்பவை. மழைக்காலத்தில் எந்த மூடாக்கும் நத்தைக்கு வீடுதான். ஐப்பசிக்கு முன்னால் மூடாக்கைத் தண்டிலிருந்து ஒரு சாண் விலக்கிவிடுங்கள். வைக்கோலையும் தென்னை நார்க்கழிவையும் முழுதாகவே எடுத்துவிடுவேன். சவுக்குச் சருகில் தண்ணீர் தேங்காது, அதை மட்டும் மெல்லியதாக விட்டுவைக்கலாம்.

தண்ணீர் ஊற்றும் நேரத்தால் வித்தியாசம் வருமா?

நிறைய வரும். மாலையில் ஊற்றினால் இரவு முழுக்கத் தரை ஈரமாக இருக்கும். மழை இல்லாத நாட்களில் காலையிலேயே ஊற்றிவிடுங்கள்.

நத்தையைத் தின்னும் உயிர்கள் ஏதாவது?

செம்போத்து ராட்சத நத்தையைக்கூட ஓட்டை உடைத்துத் தின்னும். தேரை சின்ன நத்தைகளைத் தின்னும். தோட்டத்தில் தேரையைப் பார்த்தால் விரட்டாதீர்கள். கொல்லை பெரிதாக இருந்தால் இரண்டு வாத்து வளர்க்கலாம், ஆனால் நாற்று வேர் பிடித்த பிறகுதான் உள்ளே விட வேண்டும். வாத்துக்குக் கீரையும் பிடிக்கும்.

எல்லாச் செடிக்கும் தடுப்புப் போட முடியாது. எதற்கு முதலில்?

நான்கு இலைக்குக் குறைவான எல்லா நாற்றுக்கும். கத்தரி, சாமந்தி, காசித்தும்பை, முளைக்கீரை, முட்டைக்கோஸ் ஆகியவற்றுக்கு அவசியம். பப்பாளிக் கன்றுக்கும் வேண்டும், குருத்தைத் தின்றுவிட்டால் கன்று நின்றுவிடும். வளர்ந்த வெண்டையில் நான்கு ஓட்டை விழுந்தால் விடுங்கள், காய்ப்பு குறையாது. முடிந்தால் நாற்றை உயரத்தில் ஸ்டாண்டில் வைத்து ஒரு சாண் வளர்த்து, அப்புறம் நடுங்கள். பாதிப் பிரச்சினை அதிலேயே தீரும்.

வெள்ளத் தண்ணீர் வடிந்த பிறகு என்ன செய்ய வேண்டும்?

கெடிலம், தென்பெண்ணைக் கரையோரத்தில் இருப்பவர்கள் ஆண்டுதோறும் கேட்பது. தண்ணீர் வடிந்த முதல் இரண்டு நாட்களில் மதில், தொட்டி, மோட்டார் ரூம் சுவர், வாழை மட்டை இடுக்கு ஆகிய இடங்களில்தான் எல்லா நத்தையும் ஒதுங்கியிருக்கும். பகலிலேயே கண்ணுக்குத் தெரியும். மற்ற வேலையைத் தள்ளிவைத்து அப்போது பொறுக்குங்கள். தெருவில் நான்கு வீட்டுக்காரர்கள் சேர்ந்து ஒரே நாளில் செய்தால் இன்னும் நல்லது. வெயில் வந்ததும் வரப்பு ஓரத்திலும் மதில் அடியிலும் மண்ணைக் கிளறிவிடுங்கள், முட்டைகள் மேலே வந்து காயும். போர்டோ பட்டைமேல் சேறு படிந்திருந்தால் கழுவிவிட்டுப் புதிதாக ஒரு கை பூசுங்கள், சேற்றின்மேல் நத்தை ஏறிவிடும்.

அப்போதும் கட்டுக்குள் வரவில்லை என்றால் புதுச்சேரிக்காரர்கள் குரும்பாபட்டு வேளாண் அறிவியல் நிலையத்திலும், கடலூர் மாவட்டத்துக்காரர்கள் விருத்தாசலம் வேளாண் அறிவியல் நிலையத்திலும் கேளுங்கள். பிடித்த நத்தையில் ஒன்றை மூடியுள்ள டப்பாவில் போட்டுக் கொண்டுபோங்கள், இனம் தெரிந்தால் அவர்களுக்குச் சொல்ல எளிது.